களிமண்ணும் கேள்வியும்: இளையோருடன் தத்துவ அமர்வு நடத்தத் தொடங்குவோருக்கு

பன்னிரண்டு இளையோரிடம் 'நியாயம் என்றால் என்ன?' என்று கேட்டுப் பாருங்கள். 'எல்லோரையும் சமமாக நடத்துவது' என்று யாராவது சொல்வார்கள், மற்றவர்கள் தலையாட்டுவார்கள், பேச்சு அதோடு நின்றுவிடும். அதே பன்னிரண்டு பேருக்கு நடுவே ஏழு கட்டிக் களிமண்ணை வைத்து, 'எந்தக் கட்டியையும் உடைக்காமல் நியாயமாகப் பிரித்துக்கொள்ளுங்கள்' என்று சொல்லிப் பாருங்கள். ஒருத்தி சின்னவர்களுக்கு முதலில் என்பாள். ஒருவன் சீட்டுக் குலுக்கிப் போடலாம் என்பான். நன்றாகச் செய்யத் தெரிந்தவர்களுக்கே கொடுக்கலாம் என்று ஒரு குரல் வரும், அப்படியானால் யாருக்குமே வேண்டாம் என்று இன்னொரு குரல் எழும். தேவை, வாய்ப்பு, தகுதி, சமத்துவம் என்ற நான்கும் பத்து நிமிடத்தில் நடுவில் வந்து விழுந்துவிடும். அவற்றுக்குப் பெயர் வைப்பது பிறகு நடக்க வேண்டிய வேலை.

இந்த வழிகாட்டியில் விரிப்பது அந்த முறையைத்தான். பேச்சு முடிந்து களைத்த பிள்ளைகளுக்கு இளைப்பாறலாக வண்ணப் பென்சில் கொடுப்பதைப் பலரும் 'கலைவழிக் கல்வி' என்று நினைக்கிறார்கள். அதில் தவறில்லை, ஆனால் தத்துவமும் இல்லை. கை ஒரு முடிவை எடுத்தே ஆக வேண்டும், அந்த முடிவுக்குள் ஒரு கருத்துச் சிக்கல் ஒளிந்திருக்க வேண்டும். அப்போதுதான் கலை சிந்தனையின் பகுதியாகிறது.

குழுவாக உட்கார்ந்து பிள்ளைகளே கேள்வி எழுப்பி விசாரிக்கும் முறைக்கு இன்றைய வடிவம் கொடுத்தவர்களில் முக்கியமானவர் மேத்யூ லிப்மன். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் தத்துவம் கற்பித்தவர், 1974-இல் நியூ ஜெர்சியில் உள்ள மான்ட்கிளேர் கல்லூரியில் இதற்கென்றே ஒரு மையம் தொடங்கினார். ஆன் மார்கரெட் ஷார்ப் அவருடன் சேர்ந்து இதை வளர்த்தார். அவர்கள் பெரும்பாலும் கதைகளை வைத்தே உரையாடலைத் தொடங்கினார்கள். படம், பொருள், நாடகம், களிமண் ஆகியவற்றைப் பின்னால் வந்த பலரும் சேர்த்துக்கொண்டார்கள்.

குழு, இடம், பொருட்கள்

ஒரு குழுவுக்கு 10 முதல் 14 பேர் சரி. எட்டுக்குக் கீழே போனால் மாறுபட்ட கருத்து போதாமல் பேச்சு வறண்டுவிடும். பதினாறைத் தாண்டினால் ஒருவர் கையைத் தூக்கிவிட்டு ஐந்து நிமிடம் காத்திருக்க வேண்டிவரும், அதற்குள் அவர் சொல்ல வந்ததே மறந்துபோகும். முப்பது பேர் கொண்ட வகுப்புதான் கிடைக்கிறது என்றால் உள்வட்டம், வெளிவட்டம் என்று பிரியுங்கள். உள்ளே இருப்பவர்கள் பேசுவார்கள். வெளியே இருக்கும் ஒவ்வொருவரும் உள்ளே ஒருவரைக் கவனித்து, அவர் எந்தக் காரணம் சொன்னார் என்று எழுதுவார்கள். பதினைந்து நிமிடத்தில் வட்டங்கள் இடம் மாறும்.

வயது இடைவெளி மூன்று ஆண்டுக்கு மேல் வேண்டாம். ஒன்பது வயதுப் பிள்ளை பதினான்கு வயதுக்காரர் பக்கத்தில் வாயைத் திறக்காது.

நாற்காலிகளை வட்டமாகப் போடுங்கள். நடுவில் மேசை வேண்டாம், எல்லோருக்கும் எல்லோருடைய முகமும் தெரிய வேண்டும். நீங்களும் அதே உயர நாற்காலியில் உட்காருங்கள். நீங்கள் நின்றால் எல்லாப் பதிலும் உங்களை நோக்கியே வரும். கைவேலைக்கான மேசைகளைச் சுவரோரம் முன்கூட்டியே தயாராக வையுங்கள். அமர்வின் நடுவே மேசை இழுக்கும் ஐந்து நிமிடத்தில், அதுவரை சேர்ந்த சூடு முழுக்க ஆறிப்போகும்.

பன்னிரண்டு பேருக்குத் தேவையானவை: சற்றுத் தடித்த ஏ4 தாள் 40, ஏ3 தாள் 15, கறுப்பு மார்க்கர் 12, கத்தரிக்கோல் 6, மாஸ்கிங் டேப் 2 சுருள், ஆளுக்கு 250 கிராம் வீதம் 3 கிலோ களிமண், கிழித்துக்கொள்ளப் பழைய பத்திரிகைகள், தபால் உறை 12, சட்டைப் பொத்தான் 40. வண்ணங்கள் அதிகம் வேண்டாம். 24 வண்ணப் பெட்டியைத் திறந்து வைத்தால் பாதி நேரம் வண்ணம் தேர்ந்தெடுப்பதிலேயே போகும். கறுப்பும் இன்னொரு வண்ணமும் போதும்.

ஒரு அமர்வுக்கு 90 நிமிடம். தூண்டலுக்கு 10, கேள்விக்கு 15, முதல் உரையாடலுக்கு 20, கைவேலைக்கு 25, இரண்டாம் உரையாடலுக்கு 15, முடிப்பதற்கு 5. பள்ளி நேரத்துக்குள் 45 நிமிடம்தான் கிடைக்கிறது என்றால், முதல் உரையாடல் வரை ஒரு நாளும் கைவேலையிலிருந்து மீதியை மறுநாளும் வையுங்கள். எல்லாவற்றையும் 45 நிமிடத்துக்குள் திணித்தால் எதுவும் உருப்படியாக நடக்காது.

தூண்டல்: பதில் இல்லாத ஒன்றைக் கொடுங்கள்

தூண்டல் என்பது கேள்வியைக் கிளப்பிவிடும் எதுவும்: ஒரு படம், ஒரு பொருள், இரண்டு நிமிடக் கதை, ஒரு சின்னச் செயல். ஐந்து நிமிடத்துக்குள் முடிய வேண்டும். நீதியோடு முடியும் கதையை எடுக்காதீர்கள். கதையே பதிலைச் சொல்லிவிட்டால் பிள்ளைகள் அதைத் திருப்பிச் சொல்வார்கள், நீங்கள் அதைக் கேட்கத்தான் காத்திருக்கிறீர்கள் என்றும் புரிந்துகொள்வார்கள்.

பொருள்கள் நன்றாக வேலை செய்யும். உடைந்து ஒட்டிய கோப்பை, பூட்டு இல்லாத சாவி, ஒரு பூவும் அதே போன்ற பிளாஸ்டிக் பூவும். பொருளை வட்டத்தில் கைமாற்றிக் கொடுங்கள், ஒன்றும் விளக்காதீர்கள். பிறகு ஒரு நிமிடம் முழு அமைதி. கடிகாரத்தைப் பார்த்து அறுபது வினாடி இருங்கள், புதியவர்கள் பெரும்பாலும் இருபதாவது வினாடியிலேயே பேசிவிடுகிறார்கள்.

கேள்வியைப் பிள்ளைகளே எழுப்பட்டும்

மூன்று பேராகப் பிரிந்து, ஒவ்வொரு குழுவும் ஒரு கேள்வியை நீளத் தாள்துண்டில் பெரிய எழுத்தில் எழுத வேண்டும். ஐந்து நிமிடம். தாள்துண்டுகளைத் தரையில் எல்லோருக்கும் தெரியும்படி பரப்புங்கள்.

முதல் சில அமர்வுகளில் வரும் கேள்விகளில் பாதிக்கு மேல் தத்துவக் கேள்வியாக இருக்காது. 'இந்தக் கோப்பையை எப்படி ஒட்டினார்கள்?', 'இது எவ்வளவு விலை?' என்று வரும். அவற்றை ஒதுக்கித் தள்ளாமல் எல்லோரும் சேர்ந்து மூன்று சல்லடையில் சலியுங்கள். தேடிப் பார்த்தால் விடை கிடைத்துவிடுமா? அளந்தோ சோதித்தோ கண்டுபிடிக்க முடியுமா? வெறும் பிடிக்கும், பிடிக்காது என்பதோடு முடிந்துவிடுமா? மூன்றுக்கும் இல்லை என்றால் அந்தக் கேள்வி இங்கே பேசத் தக்கது. சலித்து விழுந்த கேள்வியையும் பெரும்பாலும் திருத்திவிடலாம். 'இது எவ்வளவு விலை?' என்று எழுதிய குழுவிடம், விலை தெரிந்தால் என்ன தெரியும் என்று கேளுங்கள். 'உடைந்ததற்கு மதிப்புக் குறையுமா?' என்று அவர்களே மாற்றி எழுதுவார்கள், அங்கிருந்து 'ஒரு பொருளின் மதிப்பை யார் முடிவுசெய்கிறார்கள்?' வரை ஓர் அடிதான். திருத்தும் வேலையை அவர்களிடம் விடுங்கள். நீங்கள் அழகான கேள்வியாக மாற்றி எழுதிக் கொடுத்தால், அது உங்கள் கேள்வியாகிவிடும்.

பிறகு வாக்கெடுப்பு. ஆளுக்கு இரண்டு பொத்தான், பிடித்த தாள்துண்டின் மேல் வைக்கலாம். கண்ணைத் திறந்துகொண்டு வைத்தால் நண்பன் வைத்த இடத்திலேயே வைப்பார்கள். ஆகவே எல்லோரும் முதலில் மனதில் முடிவுசெய்து, 'மூன்று' என்றதும் ஒரே நேரத்தில் வைக்கட்டும். தோற்ற கேள்விகளைத் தூக்கி எறியாதீர்கள், தேதி போட்டு ஒரு பெட்டியில் வையுங்கள். பின்னால் அது உதவும்.

முதல் உரையாடல்

விதிகள் மூன்றுக்கு மேல் வேண்டாம். ஒரு நேரத்தில் ஒருவர். பேசி முடித்தவர் அடுத்து யார் பேசுவது என்று கைகாட்டுவார், நெறியாளர் அல்ல. மறுப்பது கருத்தை, ஆளை அல்ல. பேசத் தொடங்கும்போது 'அவள் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன், ஏனென்றால்' அல்லது 'அவன் சொன்னதை ஏற்கவில்லை, ஏனென்றால்' என்று தொடங்கும் பழக்கத்தை முதல் மாதம் கட்டாயமாக்குங்கள். செயற்கையாகத்தான் இருக்கும். ஆனால் முன்னால் பேசியவரைக் கேட்காமல் இந்த வாக்கியத்தைத் தொடங்கவே முடியாது.

நெறியாளராக உங்களுக்கு ஆறு கேள்விகள் போதும். ஏன் அப்படிச் சொல்கிறாய்? ஒரு உதாரணம் சொல்ல முடியுமா? இதற்கு ஒத்துவராத உதாரணம் யாருக்காவது தோன்றுகிறதா? அந்தச் சொல்லை எந்தப் பொருளில் சொல்கிறாய்? அது உண்மையானால் வேறு எதுவும் உண்மையாக வேண்டிவருமா? முதலில் சொன்னதும் இப்போது சொல்வதும் ஒத்துப்போகிறதா? இவற்றைச் சிறிய அட்டையில் எழுதி மடியில் வைத்துக்கொள்ளுங்கள். 'பொய் சொல்லாமலே ஒருவரை ஏமாற்ற முடியுமா?' என்ற கேள்வியில் பேச்சு இப்படிப் போகலாம்:

'முடியும். ஒண்ணுமே சொல்லாம இருந்தாலே போதும்.'

'ஒரு உதாரணம் சொல்லேன்.'

'கண்ணாடிய நான் ஒடச்சிட்டேன். யாரும் எங்கிட்ட கேக்கல. நானும் சொல்லல.'

'இத ஏமாத்துறதுன்னு ஒத்துக்காதவங்க யாராவது இருக்கீங்களா?'

'நான் ஒத்துக்க மாட்டேன். கேட்டாத்தானே சொல்லணும்? கேக்காததையெல்லாம் சொல்லணும்னா, நாம எல்லாருமே எல்லாரையும் ஏமாத்திட்டேதான் இருக்கோம்.'

'ஆனா, அவங்க வேற ஒருத்தனத் திட்டும்போது நான் பக்கத்துலயே நின்னுட்டு இருந்தா?'

'ரெண்டு தடவையும் நீ பேசாமத்தான் இருந்தே. அப்ப என்ன மாறிச்சு?'

நெறியாளர் பேசிய மூன்று இடத்திலும் 'சரி', 'அருமை', 'தவறு' எதுவும் இல்லை என்பதைக் கவனியுங்கள். கண்ணாடியை உடைத்ததாகச் சொன்ன பையன் தன் உதாரணத்தையே மாற்றிப்பார்க்கிறான், 'ஆனா' என்று தானே தொடங்குகிறான். அந்த இடத்தில் 'ஆமாம், மௌனமும் பொய்தான்' என்று நீங்கள் முடித்துவைத்திருந்தால் அடுத்த கேள்வி வந்திருக்காது.

பாராட்டு இங்கே பெரிய இடைஞ்சல். 'அருமையான பதில்!' என்று ஒருவரைச் சொன்னால், மீதிப் பதினொரு பேரும் அதே பக்கம் சாய்வார்கள். நன்றி மட்டும் சொல்லுங்கள், அல்லது சொன்னதைப் பலகையில் எழுதுங்கள். தன் சொல் பலகையில் ஏறுவதே போதுமான மரியாதை.

காத்திருப்பதையும் பழக வேண்டும். அமெரிக்க அறிவியல் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970-களில் வகுப்பறைகளைக் கவனித்தபோது, ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு வினாடிதான் காத்திருந்தார்கள். அதை மூன்று வினாடிக்கு மேல் நீட்டியதும் பதில்கள் நீண்டன, காரணங்கள் சேர்ந்தன, வழக்கமாகப் பேசாதவர்களும் பேசினார்கள். தத்துவ அமர்வில் மூன்று வினாடி குறைந்த அளவு. ஐந்து எண்ணுங்கள்.

பலகையில் பேச்சின் வரைபடம் ஒன்றை வளர்த்துக்கொண்டே போங்கள். நடுவில் கேள்வி, ஒரு பக்கம் 'ஆம்' என்பதற்கான காரணங்கள், மறுபக்கம் 'இல்லை', உதாரணங்கள் வட்டத்துக்குள், எதிர் உதாரணங்களிலிருந்து அம்புக்குறி. 20 நிமிடம் ஆனதும், பேச்சு உச்சத்தில் இருந்தாலும் நிறுத்துங்கள். சிக்கல் அவிழாமல் இருக்கும்போதுதான் கைக்கு வேலை இருக்கும்.

கைவேலை: முடிவெடுக்க வைக்கும் பணி

எல்லாம் பணியைச் சொல்லும் ஒற்றை வாக்கியத்தில் இருக்கிறது. 'சுதந்திரத்தை வரையுங்கள்' என்றால் பறவையும் அறுந்த சங்கிலியும் வரும், யாரும் எதையும் யோசித்திருக்க மாட்டார்கள். 'வேலி இருப்பதால் மட்டுமே சுதந்திரமாக இருக்கும் ஒருவரை வரையுங்கள்' என்றால் பென்சில் தாளில் படுவதற்கு முன் இரண்டு நிமிடம் அமைதி நிலவும். அந்த அமைதிக்காகத்தான் பணியே.

நல்ல பணிக்கு மூன்று குணம் வேண்டும். ஒரு கட்டுப்பாடு இருந்து, செய்பவர் ஏதாவது ஒரு பக்கம் முடிவெடுத்தாக வேண்டும். வரையத் தெரியாதவரும் இருபது நிமிடத்தில் முடிக்கக்கூடியதாக இருக்க வேண்டும். முடிந்ததைப் பார்க்கும் இரண்டு பேர் இரண்டு விதமாகப் படிக்க இடம் இருக்க வேண்டும். உயிர் பற்றிய பேச்சுக்குப் பின், 'உயிருள்ளதா இல்லையா என்று யாரும் அடித்துச் சொல்ல முடியாத ஒன்றைக் களிமண்ணில் செய்யுங்கள்.' அழகு பற்றிய பேச்சுக்குப் பின், 'வேண்டுமென்றே அசிங்கமாக, ஆனால் தூக்கிப்போட மனம் வராத ஒன்றைப் பத்திரிகைத் துண்டுகளால் ஒட்டுங்கள்.' இசை எது, சத்தம் எது என்ற பேச்சுக்குப் பின், 'இசை என்று யாரும் சொல்லாத ஆறு ஒலிகளை எழுப்புங்கள், பிறகு ஒரே ஒரு மாற்றம் செய்து இசையாக்குங்கள்.'

நட்பு, அதிகாரம், பொறுப்பு போன்று ஆட்களுக்கு இடையிலான கருத்துகளுக்கு உடலே நல்ல கருவி. நான்கு பேர் கொண்ட குழுவுக்கு ஐந்து நிமிடம் கொடுத்து, 'இதில் ஒருவர் கையில் அதிகாரம் இருக்கிறது, ஆனால் அது அவருக்குத் தெரியாது' என்பதை அசையாச் சிலையாக நிற்கச் சொல்லுங்கள். பத்து வினாடி அசையக் கூடாது. பார்ப்பவர்கள் யார் அந்த ஒருவர் என்று சொல்லட்டும். பிறகு பார்வையாளர்களில் ஒருவர் போய் ஒரே ஒருவரின் ஒரே உறுப்பை மட்டும் மாற்றலாம்: கையைத் தாழ்த்தலாம், தலையைத் திருப்பலாம். எந்த மாற்றத்தில் அதிகாரம் கைமாறியது என்று பேசும்போது, அதிகாரம் பார்வையில் இருக்கிறதா, இடத்தில் இருக்கிறதா, மற்றவர்களின் பணிவில் இருக்கிறதா என்ற கேள்வி தானாக வந்துவிடும். தொட்டு மாற்றுவதற்குமுன் அனுமதி கேட்க வேண்டும். தொடப்பட விரும்பாதவருக்கு வாய்மொழியாகச் சொன்னால் போதும்.

தொடங்குபவர்களுக்கு நம்பகமான பணி ஒன்றை முழுதாகத் தருகிறோம். பண்டைய கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் சொல்லிவைத்த, கிரேக்கப் புராண வீரன் தீசியஸின் கப்பல் பற்றிய சிக்கல்தான் இதன் வேர்: பழைய பலகைகளை ஒவ்வொன்றாக மாற்றி, கடைசியில் எல்லாமே புதியதான கப்பல் அதே கப்பல்தானா? பதினேழாம் நூற்றாண்டில் ஆங்கிலத் தத்துவ அறிஞர் தாமஸ் ஹாப்ஸ் ஒரு முறுக்கு சேர்த்தார்: கழற்றிய பலகைகளை ஒருவர் சேர்த்துவைத்து மறுபடி கப்பலாகக் கட்டினால், எது அந்தக் கப்பல்? இதை வாயால் சொன்னால் பிள்ளைகள் புதிரைப்போல் கேட்டுவிட்டு விட்டுவிடுவார்கள். கையால் செய்தால் விடமாட்டார்கள்.

முன்கூட்டியே தடித்த ஏ4 தாள்களை மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் ஆறு துண்டுகளாக வெட்டி வையுங்கள், ஆளுக்கு ஆறு வெற்றுத் துண்டு. பன்னிரண்டு பேருக்கு 72. ஒவ்வொருவருக்கும் இன்னொரு முழு ஏ4 தாளும் ஒரு உறையும். முழுத் தாளில் கறுப்பு மார்க்கரால், தாள் நிறைய ஒரு விலங்கை ஐந்து நிமிடத்தில் வரையச் சொல்லுங்கள். பின்பக்கம் ஆறு கட்டம் பிரித்து 1 முதல் 6 வரை எண்ணும் தன் அடையாளக் குறியும் இட்டு, ஆறாக வெட்டி, மேசையில் பழையபடி அடுக்கி, ஒவ்வொரு துண்டுக்கும் பின்னால் மாஸ்கிங் டேப்பைச் சுருட்டி வைத்து நிறுத்த வேண்டும். முதல் சுற்றில் எல்லோரும் ஓரிடம் வலப்பக்கம் நகர்ந்து, அங்கே இருக்கும் படத்தின் 1-ஆம் துண்டுக்குப் பதிலாக வெற்றுத் துண்டில் புதிதாக வரைந்து வைத்து, பழையதை அந்தப் படத்தின் உறையில் போடுவார்கள். இரண்டு நிமிடம். ஒரே விதி, கோடுகள் பக்கத்துத் துண்டின் கோடுகளோடு விளிம்பில் சேர வேண்டும். அடுத்த சுற்றில் இன்னோர் இடம் நகர்ந்து 2-ஆம் துண்டு.

மூன்றாம் சுற்று முடிந்ததும் நிறுத்தி, எல்லோரும் தங்கள் படத்துக்குத் திரும்பி வந்து பார்க்கட்டும். 'இது இன்னும் உன் படமா?' என்று மட்டும் கேளுங்கள், ஆம் அல்லது இல்லை என்று தாளில் எழுதிவைக்கட்டும், பேச்சு வேண்டாம். மீதி மூன்று சுற்றையும் முடியுங்கள். இப்போது படத்தில் அவர்கள் வரைந்த ஒரு துண்டும் இல்லை. கடைசியாக உறையைத் திறந்து பழைய துண்டுகளைப் பக்கத்தில் அடுக்கச் சொல்லுங்கள். இரண்டு விலங்குகள் கிடக்கும். மேசையில் முதலிலிருந்தே இருந்துவருவதுதான் தன் படம் என்பவர்கள் ஒரு சுவரோரமும், உறையிலிருந்து வந்ததுதான் என்பவர்கள் எதிர்ச் சுவரோரமும், முடிவெடுக்காதவர்கள் நடுவிலும் நிற்கட்டும்.

இதில் சறுக்கும் இடங்கள் தெரிந்தவையே. பசை போட்டு ஒட்டினால் கழற்ற முடியாது. வெட்டப்போகிறோம் என்று முதலிலேயே சொல்லாவிட்டால், ஆசையாக வரைந்தவர் அழுதுவிடுவார். அதே காரணத்தால் தன் முகத்தையோ வீட்டாரையோ வரையச் சொல்லக் கூடாது. விளிம்பு விதி இல்லாவிட்டால் யாராவது கேலிப்படம் வரைந்து வைப்பார்கள். அந்த விதிக்கு இன்னொரு பயனும் உண்டு: 'கோடு விடாமல் தொடர்ந்து வந்ததால்தான் இது என்னுடையது' என்று வாதிட ஒரு பிடி கிடைக்கிறது. உடம்பிலும் தோலும் ரத்தமும் மாறிக்கொண்டே இருக்கிறதே என்ற ஒப்பீட்டை நீங்கள் எடுத்துக் கொடுக்காதீர்கள். பத்துப் பேர் இருக்கும் குழுவில் யாராவது ஒருவர் அதைச் சொல்லிவிடுவார்.

இரண்டாம் உரையாடல்

செய்தவற்றைப் பரப்பிவைத்து, மூன்று நிமிடம் பேசாமல் சுற்றிப் பார்க்கட்டும். பிறகு பார்த்தவர்கள் முதலில் பேச வேண்டும், செய்தவர் கடைசியில். வரிசை மாறினால், செய்தவர் சொன்ன விளக்கத்தை மற்றவர்கள் ஏற்றுக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். 'அழகா இருக்கு' என்பதற்கு இங்கே இடமில்லை என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். பார்ப்பவர் 'இதில் நான் காண்பது' என்று தொடங்கி, பிறகு 'அதனால் நான் நினைப்பது' என்று முடிக்க வேண்டும்.

செய்தவரிடம் கேட்க வேண்டியது ஒன்றே: 'செய்யும்போது எந்த இடத்தில் தயங்கினாய்?' தயங்கிய இடத்தில்தான் முடிவு எடுக்கப்பட்டிருக்கும். உயிருள்ளதும் இல்லாததுமான களிமண் உருவத்துக்குக் கண் வைக்கலாமா வேண்டாமா என்று தயங்கியவர், பார்வை உள்ளதெல்லாம் உயிருள்ளது என்று தான் நம்பிவந்ததை அங்கே கண்டுபிடிக்கிறார். அந்த நம்பிக்கையைப் பலகையில் எழுதி, முதல் உரையாடலின் வரைபடத்தோடு கோடு போட்டு இணையுங்கள். இணைக்கவே முடியவில்லை என்றால் பணி கேள்விக்குப் பொருந்தவில்லை என்று அர்த்தம், அடுத்த முறை பணி வாக்கியத்தைத் திருத்துங்கள்.

கடைசி ஐந்து நிமிடத்தில் ஆளுக்கு ஒரு வாக்கியம்: கேள்வியைப் பற்றி இப்போது என்ன நினைக்கிறேன், தொடக்கத்தில் நினைத்ததிலிருந்து மாறியதா. சொல்ல விருப்பமில்லாதவர் 'கடந்து செல்கிறேன்' எனலாம். நீங்கள் முடிவுரை சொல்லாதீர்கள்.

எங்கே சறுக்கும்

இரண்டு மூன்று பேரே பேசிக்கொண்டிருப்பது எல்லாக் குழுவிலும் நடக்கும். ஆளுக்கு மூன்று பொத்தான் கொடுங்கள், பேசும்போது ஒன்றை நடுவில் போட வேண்டும். தீர்ந்துவிட்டால் கேட்க மட்டுமே முடியும். இரண்டு மூன்று அமர்வுக்குப் பிறகு இதை நிறுத்திவிடுங்கள், இல்லாவிட்டால் பொத்தானைத் தீர்ப்பதற்காகவே பேசுவார்கள். பேசாதவர்களை நேராகக் கேட்டு வற்புறுத்த வேண்டாம். இருவர் இருவராக ஒரு நிமிடம் பேசவிட்டு, 'உன் பக்கத்தில் இருப்பவர் என்ன சொன்னார்?' என்று கேட்டால், அவர் கருத்து வேறொருவர் வாயால் சபைக்கு வந்துவிடும். அடுத்த முறை தானே சொல்வார்.

பதின்வயதினரிடம் அடிக்கடி வருவது 'அதெல்லாம் அவரவர் கருத்து' என்ற பதில். பேச்சை முடித்துவைக்கும் வசதியான வாசல் அது. அதோடு மோதாமல், இரண்டு எதிரெதிர்க் கருத்துகளை எடுத்து, ஒன்றுக்கு மட்டும் காரணம் கொடுத்து, 'இரண்டும் ஒரே தரமா?' என்று கேளுங்கள். இல்லை என்பார்கள். எது தரத்தைக் கூட்டியது என்பது அடுத்த கேள்வி.

உரையாடல் பட்டிமன்றமாகிவிட்டால், அதாவது வெல்வதற்காகப் பேசத் தொடங்கிவிட்டால், இரு தரப்பையும் இடம் மாற்றி உட்காரவைத்து எதிர்த் தரப்பின் வலுவான காரணத்தைச் சொல்லச் சொல்லுங்கள். மாற்றிச் சொல்ல முடியாதவர் இதுவரை கேட்கவில்லை என்பது அவருக்கே தெரிந்துவிடும்.

சொந்த வாழ்க்கை உள்ளே வரும். மரணம், குற்றம், குடும்பம் பற்றிய கேள்விகளில் வராமல் இருக்காது. 'எனக்கு நடந்தது' என்பதற்குப் பதிலாக 'ஒருவருக்கு இப்படி நடந்தால்' என்று சொல்லும் வழக்கத்தைத் தொடக்கத்திலிருந்தே வையுங்கள். யாராவது தனக்குத் தீங்கு நடப்பதாகச் சொல்லிவிட்டால், குழுவின் முன் துருவாதீர்கள், ரகசியமாக வைத்துக்கொள்வதாக வாக்கும் கொடுக்காதீர்கள். அமர்வு முடிந்ததும் தனியாகக் கேட்டு, நீங்கள் வேலை செய்யும் இடத்தின் குழந்தைப் பாதுகாப்புப் பொறுப்பாளரிடம் அன்றே சொல்லுங்கள். அவர் யார் என்று முதல் அமர்வுக்கு முன்பே தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

பெற்றோரிடமும் நிர்வாகத்திடமும் மதிப்பெண் கூடும் என்று சொல்லி இதை விற்காதீர்கள். இங்கிலாந்தில் 48 பள்ளிகளில் நடத்தி 2015-இல் வெளியிட்ட ஆய்வு வாசிப்பிலும் கணிதத்திலும் சிறு முன்னேற்றம் இருப்பதாகச் சொன்னது. 2021-இல் வெளியான பெரிய ஆய்வில் வாசிப்பில் அப்படி எதுவும் தென்படவில்லை. காரணம் சொல்லிப் பேசுவதும் பிறர் சொல்வதைக் கேட்டு மனம் மாறுவதும் தம்மளவிலேயே மதிப்புள்ளவை, அதைச் சொல்ல நாம் கூச வேண்டியதில்லை.

வயதுக்கு ஏற்ப

ஏழு முதல் ஒன்பது வயதில் வரிசையைத் திருப்பிவிடுங்கள்: முதலில் கைவேலை, பிறகு பேச்சு. கையில் ஒரு பொருள் இருந்தால்தான் அந்த வயதில் கருத்தைப் பிடித்துக்கொள்ள முடிகிறது. மொத்தம் 40 நிமிடம் போதும். பத்து முதல் பதின்மூன்று வரை மேலே சொன்ன முறை அப்படியே பொருந்தும். பதினான்குக்கு மேல் 'படம் வரையுறதெல்லாம் சின்னப் பசங்க வேலை' என்ற கூச்சம் இருக்கும். அவர்களுக்குப் புகைப்படம், ஒலிப்பதிவு, நான்கு கட்டச் சித்திரக்கதை, அசையாச் சிலை ஆகியவை சரிவரும். ஒரு வாதத்தில் விட்டுப்போன படியைக் கண்டுபிடிப்பது போன்ற இறுக்கமான வேலையையும் அவர்கள் விரும்புவார்கள்.

முதல் ஆறு அமர்வுகள்

முதல் அமர்வில் களிமண் பங்கீடும் விதிகளும் மட்டும். இரண்டாவதில் கேள்விகளைச் சலிப்பது, உரையாடல் பத்து நிமிடம் இருந்தால் போதும். மூன்றாவதில் பொய், ஏமாற்று போன்று எல்லோருக்கும் பழகிய ஒரு கேள்வியுடன் முழு அமர்வு. நான்காவதில் கப்பல் பணி. ஐந்தாவதில் அதிகாரச் சிலைகள். ஆறாவதில் புதுத் தூண்டல் வேண்டாம். பெட்டியில் தேதி போட்டு வைத்த தோற்ற கேள்விகளைக் கொட்டி, அவர்களே ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதற்கான கைவேலைப் பணியையும் அவர்களே எழுதட்டும். மேலே சொன்ன மூன்று குணங்களையும் பலகையில் எழுதிவையுங்கள். முதலில் வருவது பெரும்பாலும் '... ஐ வரைக' என்ற வகைதான். 'இதைச் செய்ய எங்கே முடிவெடுக்க வேண்டிவரும்?' என்று கேட்டுத் திருத்தவிடுங்கள்.

ஒவ்வொரு அமர்விலும் ஒருவரைப் பார்வையாளராக வெளியே உட்காரவைத்து, நான்கு விஷயத்துக்கு மட்டும் கோடு போட்டு எண்ணச் சொல்லுங்கள்: காரணம் சொன்னது, உதாரணம் கொடுத்தது, முன்னால் பேசியவரைக் குறிப்பிட்டது, தன் கருத்தை மாற்றிக்கொண்டது. ஐந்தாவதாக நெறியாளர் எத்தனை முறை பேசினார் என்பதையும் எண்ணட்டும். அந்தத் தாள்களைத் தேதி வாரியாகக் கோத்து வையுங்கள். ஐந்தாவது எண்ணிக்கை குறைந்தும் மூன்றாவது கூடியும் வந்தால், எட்டாவது அமர்வில் நெறியாளர் நாற்காலியை இருவருக்குக் கொடுக்கலாம். ஒருவர் ஆறு கேள்வி அட்டையை வைத்துக்கொண்டு கேட்பார், மற்றவர் பலகையில் வரைபடம் போடுவார். அன்று நீங்கள் உட்கார வேண்டிய இடம் பார்வையாளர் நாற்காலி.